மணமகன் நல்லவன்தான், கேள்வி அதுவல்ல

விக்ரம் சேத்தின் ‘எ சூட்டபிள் பாய்’ 1993இல் வெளிவந்தது. 1,300 பக்கங்களைத் தாண்டும் அந்நாவலைப் பற்றி இரு கட்சியினர் இன்றளவும் வழக்காடி வருகின்றனர். தாய் பார்த்து வைத்த வரனையே மகள் இறுதியில் ஏற்றுக்கொள்கிறாள். ஆகவே இது பெரியோர் நிச்சயிக்கும் திருமணத்தின் மேன்மையைச் சொல்லும் காவியம் என்பது முதல் கட்சி. அதே காரணத்தால் இது பிற்போக்கான நாவல் என்பது இரண்டாம் கட்சி. இரண்டுமே பிழையான வாசிப்பு என்பது எங்கள் துணிபு. இரு தரப்பாரும் மணமகன் ஹரேஷின் குணநலன்களை எடைபோடுவதிலேயே பொழுதைக் கழிக்கின்றனர். நாவல் கேட்கும் கேள்வியோ வேறு.

கதை 1951-52இல், பிரம்மபூர் என்னும் கற்பனை நகரில் நிகழ்கிறது. பத்தொன்பது வயது லதாவுக்கு மூவர்மீது நாட்டம் கொள்ள வாய்க்கிறது. உடன் பயிலும் கபீர் துரானி, கல்கத்தாக் கவிஞன் அமித் சாட்டர்ஜி, காலணித் தொழிலில் முன்னேறத் துடிக்கும் ஹரேஷ் கன்னா. மூவர் என்றவுடன் அவளுக்கு மூன்று வழிகள் திறந்திருந்ததாக நம்பிவிடுகிறோம். உண்மையில் கபீர் முஸ்லிம் என்று தெரிந்த அக்கணமே திருமதி ரூபா மெஹ்ரா மகளைக் கல்கத்தாவுக்கு அழைத்துச் சென்றுவிடுகிறாள். அமித் அண்ணியின் தமையன், வங்காளி. அவனிடமும் தாய்க்கு மனம் ஒப்பவில்லை. ஹரேஷோ மெஹ்ராக்களைப் போலவே கத்ரி வகுப்பினன். சல்லடையில் சலித்து எஞ்சியதைக் கையில் கொடுத்துவிட்டு, ‘நீயே தேர்ந்தெடுத்துக்கொள்’ என்று சொல்வது எத்தகைய சுதந்திரம்?

ஹரேஷை நல்லவனாகப் படைத்ததில்தான் சேத்தின் கூர்மை இருக்கிறது. தோலும் பசையும் நாறும் பட்டறையில் கூசாமல் நிற்கும் உழைப்பாளி அவன். குடிகாரனையோ கொடியவனையோ மணமகனாக்கியிருந்தால், பழியனைத்தையும் அவன் தலையில் ஏற்றிவிட்டு வாசகர் நிம்மதியாக உறங்கியிருப்பார். மணமகனிடம் குறை காண வழியில்லாதபோதுதான், அவனை மட்டும் கடந்துவரவிட்ட வாயிற்காவலின்மீது நம் பார்வை திரும்புகிறது.

அக்காவல் தாயின் மனத்தில் மட்டும் இருந்ததன்று. சட்டப் புத்தகத்திலும் இருந்தது. அன்று நடைமுறையிலிருந்த 1872ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டப்படி இந்துவும் முஸ்லிமும் மணந்துகொள்ள வேண்டுமானால், இருவரும் தத்தம் மதத்தைச் சார்ந்தவரல்லர் என்று எழுதிக்கொடுத்தாக வேண்டும். மதம் துறக்காமலே மணக்கும் வழி 1954இன் சட்டத்தால்தான் பிறந்தது. இந்து சட்டத் தொகுப்பு மசோதா முடங்கியதைக் கண்டு அம்பேத்கர் அமைச்சர் பதவியைத் துறந்தது 1951 செப்டம்பரில். லதாவின் கதை நிகழும் அதே ஆண்டு. நாடே முதல் பொதுத்தேர்தலுக்குத் திரண்டபோது அவளுக்கு வாக்குரிமையும் இல்லை. அன்று வாக்களிக்கும் வயது 21. ஆள்வோரைத் தேர்ந்தெடுக்கும் வயது வராதவளுக்கு ஆயுள் துணையைத் தீர்மானிக்கும் வயது வந்துவிட்டிருந்தது.

இந்நாவலைத் திருமணக் கதை, அரசியல் கதை என்று இரண்டாகப் பிளந்து, இரண்டாவதைப் பக்கம் கூட்டும் சரக்காக ஒதுக்குவோரும் உண்டு. அவர்களுக்கு நாங்கள் தேபாரியா கிராமத்தைச் சுட்டிக்காட்டுவோம். சட்டமன்றத்தில் மகேஷ் கபூரின் ஜமீன்தாரி ஒழிப்புச் சட்டம் வெல்கிறது. கிராமத்திலோ, தலித் உழவனான கச்சேரு பல்லாண்டு உழுத நிலத்தை அவன் பெயரில் பதிய ரஷீத் முயன்றதற்குத் தண்டனையாக, ரஷீதின் குடும்பத்தாரே அவனை அந்நிலத்திலிருந்து விரட்டிவிடுகின்றனர். உரிமை தரவந்த சட்டம், உரியவனிடம் இருந்ததையும் பறிக்கக் காரணமாகிவிடுகிறது. நிலத்தைக் காக்கும் குடும்பமும் பெண்ணைக் காக்கும் குடும்பமும் வேறுவேறல்ல. விடுதலை தலைநகருக்கு வந்தது. வீட்டு வாசற்படியில் நின்றுவிட்டது. அப்பெரும் பக்கங்கள் இதைச் சொல்லத்தான் தேவைப்பட்டன.

சேத்தை நாங்கள் முற்றாக விடுவிக்கவில்லை. காதலின் வெறியில் மான் தன் நண்பன் ஃபிரோஸைக் கத்தியால் குத்துகிறான். அதன் பின்னரே லதா, வேட்கை அழிவைத் தரும் என்று அஞ்சி ஹரேஷின் பக்கம் சாய்கிறாள். ஒருவன் வீசிய கத்தி, யாரையும் காயப்படுத்தாத கபீருக்கு எதிரான சாட்சியாகிறது. தாயின் வழக்குக்கு நாவலாசிரியரே செய்த உதவி இது. தோழி மாலதியை லதாவிடம் வாதாட வைத்த நேர்மை மட்டும் இல்லாதிருந்தால் முதல் கட்சியினரின் வாதம் வென்றிருக்கும்.

பழங்கதையை ஏன் கிளறுகிறீர்கள் என்பார் சிலர். 2020இல் மீரா நாயர் இந்நாவலைத் தொலைக்காட்சித் தொடராக்கினார். அதில் லதாவும் கபீரும் கோயில் வளாகத்தில் முத்தமிடும் காட்சிக்காக, அவ்வாண்டு நவம்பரில் மத்தியப் பிரதேசக் காவல்துறை நெட்ஃப்ளிக்ஸ் அதிகாரிகள் இருவர்மீது வழக்குப் பதிந்தது. அதே மாதத்தில் உத்தரப் பிரதேச அரசு, திருமணத்துக்கான மதமாற்றத்தைக் குற்றமாக்கும் அவசரச் சட்டத்தைப் பிறப்பித்தது. 1954இன் சட்டமும் மணமக்களை 30 நாள் முன்னறிவிப்பு கொடுக்கச் சொல்கிறது. ஊராரும் உறவினரும் தேடிவந்து தடுக்க அந்த 30 நாள் தாராளம்.

கபீர் அந்தத் திருமணத்துக்கு வரவில்லை. நல்ல மணமகன் கிடைத்த மகிழ்ச்சியில் அவனை மறந்துவிட்டு எழும் வாசகர், ரூபா மெஹ்ராவின் பந்தியில் உட்கார்ந்து உண்டு எழுந்தவரே ஆவார்.