மட்டு ஓர் அழிறப்பர் அல்ல

யாழ்ப்பாணத்தில் உயர்தரக் கணிதம் படிக்கிற பிள்ளை ஒன்றை மறித்து, மட்டு என்றால் என்ன என்று கேளுங்கள். பெரும்பாலும் ஒரே மறுமொழிதான் வரும்: "சயக் குறியை எடுத்துவிடுறது, சேர்." பள்ளிக்கூடத்தில், ரியூட்டரியில், வீட்டில் அண்ணா அக்காமாரிடம் என்று எங்கும் இந்த வாசகமே கைமாறுகிறது. |−5| = 5. சயம் போனது, விடை வந்தது. விடை சரியாக வருவதால்தான் இந்த நம்பிக்கை இவ்வளவு காலம் உயிரோடிருக்கிறது. ஆனால் இது பிழை. பிள்ளைகளுக்கு இலகுவாகச் சொன்ன விளக்கம் என்று இதற்குச் சப்பைக்கட்டுக் கட்டக் கூடாது.

எண்களோடு நிற்கும்வரை பிழை வெளியே தெரியாது. எழுத்து உள்ளே வரட்டும். |அ − 3| என்று கொடுத்தால், சயத்தை எடுத்துப் பழகிய கை அ + 3 என்று எழுதும். அ = 5 ஆனால் விடை 2; பிள்ளையின் கொப்பியில் 8. திருத்துகிறவர் சிவப்புப் பேனையால் "கவனமில்லை" என்று எழுதிவிட்டுப் போவார். பிள்ளை கவனமாகத்தான் செய்திருக்கிறது. சொல்லிக் கொடுத்ததை அப்படியே செய்திருக்கிறது.

அ பூச்சியத்திலும் சிறிதாக இருக்கும்போது |அ| = −அ. வரைவிலக்கணத்தின் பாதி இதுதான். கரும்பலகையில் இதை எழுதியதும் வகுப்பில் சலசலப்பு எழும்: மட்டுக்குச் சய விடை எப்படி வரும்? முன்னால் சயம் நின்றால் அது மறை எண்தான் என்று பிள்ளை முடிவு கட்டிவிடுகிறது. அ = −7 என்று பிரதியிட்டால் −அ = 7. இங்கே குறி எதுவும் எடுபடவில்லை; இன்னொரு குறி சேர்ந்திருக்கிறது. இந்த ஒரு வரி விளங்காவிட்டால் அ² இன் வர்க்கமூலம் ஏன் |அ| என்பதும் விளங்காது, மட்டுச் சார்பின் வரைபு ஏன் உற்பத்தியில் முறிந்து மேலே திரும்புகிறது என்பதும் விளங்காது.

மட்டு என்பது தூரம். எண்கோட்டில் பூச்சியத்திலிருந்து எவ்வளவு தள்ளி என்ற கேள்விக்கு விடை. யாழ்ப்பாணம் புகையிரத நிலையத்தைப் பூச்சியமாக வைத்து, காங்கேசன்துறைப் பக்கத்தைச் சக என்றும் கொடிகாமப் பக்கத்தைச் சய என்றும் கொள்ளலாம். எந்தப் பக்கம் போனாலும் ரிக்கெற்றுக் காசு தூரத்துக்குத்தான். |அ − 3| என்றால் அ இற்கும் 3 இற்கும் இடையிலான தூரம். அது 2 இலும் குறைவு என்றால், 3 இலிருந்து இரு பக்கமும் இரண்டு அலகுக்குள் நிற்கும் எண்கள்: 1 இற்கும் 5 இற்கும் இடையில். சமனிலியைப் படம் தீர்த்துவிட்டது.

குடாநாட்டுக் கிணறுகளையே எடுப்போம். சுண்ணாம்புக்கல்லுக்குள் நன்னீர் உவர்நீரின் மேல் ஒரு வில்லைபோல மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஒரு மீற்றர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் இறங்கும் என்பது கைபன்–ஹெர்ஸ்பேர்க் விதி. நிலத்துக்கு நிலம் இது மாறும். ஓரிடத்தில் நீர்மட்டம் சக 0.5 மீற்றர், உவர்நீர் எல்லை சய 20 மீற்றர் என்று வையுங்கள். நன்னீரின் தடிப்பு எவ்வளவு? தூரம் தெரிந்தவர் |0.5 − (−20)| = 20.5 என்பார். முதலில் குறியை எடுத்துவிட்டுக் கழிக்கிறவருக்கு 19.5 வரும். கடல்மட்டத்துக்கு மேலா கீழா என்ற செய்தியையே அவர் தூக்கி எறிந்துவிட்டார். குறி குப்பையல்ல, தூரத்தைக் கணித்து முடிக்கும்வரை அது வேண்டும்.

|2அ − 1| = அ − 5 என்ற சமன்பாட்டையும் பார்ப்போம். வழக்கமான முறையில் இரண்டாகப் பிரித்தால் அ = −4, அ = 2. பல கொப்பிகளில் இரண்டுக்கும் கீழே கோடு போட்டு முடித்திருக்கும். −4 ஐப் பிரதியிட்டால் இடப்பக்கம் 9, வலப்பக்கம் −9. 2 ஐப் பிரதியிட்டால் 3 உம் −3 உம். இரண்டும் தள்ளுபடி, தீர்வே கிடையாது. தூரம் மறையாக இருக்க முடியாது என்று அறிந்த பிள்ளை, அ − 5 ஐக் கண்டவுடனேயே அ ஆனது 5 இலும் சிறிதாக முடியாது என்று எழுதியிருக்கும்.

"முதலில் இது போதும், மேலே போகப் போக விளங்கும்" என்பார்கள். மேலே போனால் சிக்கலெண் வருகிறது. மெய்ப்பகுதி 3, கற்பனைப்பகுதி 4 உள்ள எண்ணின் மட்டு 5. எடுப்பதற்கு அங்கே சயக் குறியே இல்லை! கணிதவியலாளர் ஆகன் 1806 இல் வெளியிட்ட வரிப்படத்தில் அது உற்பத்தியிலிருந்து புள்ளிக்குள்ள தூரம். 1841 இல் இன்னொரு கணிதவியலாளரான வயஸ்ட்ராஸ் கையாண்ட இரு நிலைக்குத்துக் கோடுகளும் அதைத்தான் குறிக்கின்றன. குறி எடுக்கும் விதியோடு வந்த பிள்ளை இங்கே பழையதை மறந்து புதிதாக ஒன்றை மனனம் செய்யவேண்டியிருக்கிறது. தூரம் என்று படித்த பிள்ளைக்கு இது பழைய பாடம்.

தமிழில் இதையெல்லாம் விளக்க நேரமும் வழியும் இல்லை என்ற சாட்டையும் ஏற்க முடியாது. வட்டுக்கோட்டைச் செமினறி வழிவந்த கறோல் விசுவநாதபிள்ளை 1855 இலேயே 'வீசகணிதம்' என்று அட்சரகணித நூலைத் தமிழில் தந்த மண் இது. ரியூட்டரிகளில் வேகம் வேண்டும் என்பதற்காகக் குறுக்குவழி விற்கிறோம். அதற்கான விலையை உயர்தர வினாத்தாளின் மட்டுச் சமனிலியில் பிள்ளை புள்ளிகளாகக் கட்டுகிறது. ஆசிரியர்மாரே, முதல் நாளில் |−5| = 5 என்று எழுதுமுன் ஓர் எண்கோடு கீறுங்கள். −5 இலும் 5 இலும் புள்ளி வைத்து, பூச்சியத்துக்கு எவ்வளவு தூரம் என்று கேளுங்கள். பிறகு அ ஐப் பூச்சியத்துக்கு இடப்பக்கம் வைத்து, அதன் தூரத்தை அ ஐக் கொண்டே எழுதச் சொல்லுங்கள். −அ என்று பிள்ளையே எழுதும்வரை பொறுத்திருங்கள். ஒரு பாடவேளை போதும்.