சிபில் பதிவு: கட்டுவது நம் பொறுப்பு, சரியாக எழுதுவது அவர்கள் பொறுப்பு

எங்கள் நுகர்வோர் குழுவின் நிலைப்பாட்டு அறிக்கை

சனிக்கிழமை காலையில் எங்கள் உதவி மேசைக்கு வருகிறவர்கள் முன்பெல்லாம் மின்கட்டண ரசீதையோ கெட்டுப்போன மிக்ஸியின் வாரன்டி அட்டையையோ கையில் கொண்டுவருவார்கள். இப்போது வெறுங்கையோடு வந்து உட்காருகிறார்கள். “சார், சிபில் அடிபட்டுப் போச்சாம், பேங்க்ல சொல்லிட்டாங்க” என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. எது அடிபட்டது, எந்தக் கடனில், எப்போது என்று கேட்டால் தெரியாது. தன் பெயரில் ஒரு பதிவு இருப்பதும், அதைத் தானே வாங்கிப் படிக்கலாம் என்பதும் பலருக்கு அந்த மேசையில்தான் தெரியவருகிறது.

கடன் மதிப்பெண்ணே வேண்டாம் என்று சொல்லும் கட்சியில் நாங்கள் இல்லை. மேனேஜருக்குத் தெரிந்தவர், ஊரில் பெரிய கை, சிபாரிசு பிடிக்க ஆள் உள்ளவர் என்று பார்த்துக் கடன் கொடுத்த காலத்தை எங்கள் மூத்த உறுப்பினர்கள் பார்த்திருக்கிறார்கள். முன்பின் தெரியாத ஒருவருக்குத் தவணையை ஒழுங்காகக் கட்டினார் என்ற ஒரே காரணத்துக்காகக் கடன் கிடைக்கிறது என்றால் அது நல்ல மாற்றம்தான். எங்கள் கேள்வி வேறு. பதிவை எழுதுவதும் கடன் கொடுத்தவர், அதைப் படித்துத் தீர்ப்புச் சொல்வதும் கடன் கொடுப்பவர். யாரைப் பற்றி எழுதுகிறார்களோ அவர் மட்டும் வெளியே நிற்கிறார். தவணையைத் தேதியில் கட்டுவது வாங்கியவரின் பொறுப்பு என்பதை எவ்வளவு கண்டிப்பாகச் சொல்கிறோமோ, அதே கண்டிப்போடு பதிவைப் பிழையில்லாமல் வைத்திருப்பது கொடுத்தவரின் பொறுப்பு என்றும் சொல்ல வேண்டும். முதல் பாதியை வசூல் ஆட்கள் தினமும் ஃபோனில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். இரண்டாம் பாதிக்காகவே இந்த அறிக்கை.

நகல் எடுப்பதை ஜெராக்ஸ் என்று சொல்லிப் பழகிவிட்ட மாதிரி, சிபில் என்பதும் ஒரு கம்பெனியின் பெயர்தான். 2000-ல் தொடங்கப்பட்ட அதன் இன்றைய பெயர் டிரான்ஸ்யூனியன் சிபில். எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் ஆகியவற்றையும் சேர்த்து இந்த வேலையைச் செய்யும் நிறுவனங்கள் நான்கு. 2005-ல் வந்த கடன் தகவல் நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ், ரிசர்வ் வங்கியின் கண்காணிப்பில் இவை இயங்குகின்றன. மதிப்பெண் 300-லிருந்து 900 வரை. நான்கும் தனித்தனியாகக் கணக்குப் போடுவதால் ஒரே ஆளுக்கு ஒன்றில் 742-ம் இன்னொன்றில் 768-ம் வருவது சகஜம். அதில் பதற ஒன்றுமில்லை. 750-க்கு மேல் இருந்தால் நல்லது என்பது வங்கிகளின் வழக்கம். சட்டம் அப்படி ஒரு கோடு போடவில்லை.

அந்தப் பதிவில் எது இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். உங்கள் சம்பளம் மதிப்பெண்ணுக்குள் வராது. வங்கியில் போட்டிருக்கும் வைப்புத் தொகையும் ஊரில் உள்ள நிலமும் வராது. இருபது வருடம் ஒரு மாதம்கூடத் தவறாமல் சீட்டுக் கட்டியவர், வீட்டு வாடகையை ஐந்தாம் தேதிக்குள் கொடுத்துவருகிறவர், தெருமுனை அடகுக்கடையில் வைத்த நகையைச் சொன்ன நாளில் திருப்பியவர் எல்லாரும் இந்தப் புத்தகத்தில் வெறும் வெள்ளைத்தாள். நம் ஊர் நாணயத்தில் பெரும்பகுதி இதற்குத் தெரியவே தெரியாது. ஆகவே இதை ஒருவருடைய யோக்கியதைப் பத்திரமாக எடுத்துக்கொள்வது தவறு என்பது எங்கள் முதல் நிலைப்பாடு. பதிவான கடன்களை எப்படிக் கட்டினீர்கள் என்ற ஒரு கேள்விக்கு மட்டும்தான் இதில் பதில் உண்டு.

அந்தக் கேள்வி சின்னதல்ல. வீட்டுக் கடன் வட்டியைப் பல வங்கிகள் இந்த எண்ணோடு இணைத்திருக்கின்றன. 30 லட்சம் ரூபாயை 20 வருடத்துக்கு எட்டரை சதவீத வட்டியில் வாங்கினால் மாதத் தவணை சுமார் 26,035 ரூபாய். அதே கடன் ஒன்பதேகால் சதவீதத்தில் என்றால் 27,476. மாதத்துக்கு 1,441 ரூபாய்தானே என்று தோன்றும். 240 மாதத்துக்குச் சேர்த்தால் மூன்று லட்சத்து 45 ஆயிரத்தைத் தாண்டுகிறது.

மதிப்பெண்ணை மேலே ஏற்றுவது பெரிய வித்தை இல்லை. முதலாவதும் முக்கியமானதும் டியூ தேதிதான். கிரெடிட் கார்டு லிமிட்டில் முப்பது சதவீதத்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டால் நல்லது. ஒரே வாரத்தில் நாலு கம்பெனிக்கு விண்ணப்பம் போட்டால், கடனுக்கு அலைகிறார் என்று கணக்கு எடுத்துக்கொள்ளும். கார்டில் மினிமம் டியூ மட்டும் கட்டிவந்தால் பதிவு சுத்தமாக இருக்கும், வட்டி மட்டும் உங்களை உரித்துவிடும்.

டியூ தேதி விஷயத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். எங்களிடம் வந்த ஒரு தையற்காரர், பனியன் கம்பெனியில் பீஸ் ரேட்டுக்குத் தைப்பவர். தவணையில் ஒரு செல்ஃபோன் வாங்கியிருந்தார். டியூ 5-ம் தேதி, சம்பளம் 10-ம் தேதி. ஆட்டோ டெபிட் ஒவ்வொரு மாதமும் திரும்பும், அதற்கு ஜி.எஸ்.டி.யோடு சேர்த்து 590 ரூபாய் அபராதம். வசூல் ஆள் 20-ம் தேதி வாக்கில் வருவார், அவர் கையில் கொடுத்துவிடுவார். “ஒரு மாசம்கூட நான் பாக்கி வச்சதில்ல சார்” என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. கடன் நிறுவனங்கள் மாத முடிவுக் கணக்கை மட்டும் அனுப்பிக்கொண்டிருந்தபோது, 20-ம் தேதி கட்டியது அந்தக் கணக்கில் பாக்கியாகத் தெரிந்திருக்காது. 2025 ஜனவரி 1 முதல் குறைந்தது 15 நாளுக்கு ஒருமுறை தகவல் அனுப்ப வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்துவிட்டது. 15-ம் தேதி நிலவரத்தில் அவர் பத்து நாள் பாக்கிதாரர். கட்டியதும் சீக்கிரம் பதிவாகும், கட்டாததும் சீக்கிரம் பதிவாகும் என்பதே அந்த விதியின் இரண்டு பக்கம். அவருக்கு வேண்டியிருந்தது கடன் ஆலோசனை அல்ல, டியூ தேதியை 12-க்கு மாற்றித் தருவது. கடன் கொடுக்கும்போதே சம்பளத் தேதியைக் கேட்டு, அதற்குப் பின்னால் டியூ தேதியை வைப்பதைக் கட்டாயமாக்க வேண்டும் என்று கோருகிறோம்.

நகைக் கடனைப் பற்றியும் ஒரு வார்த்தை. “நகை அவங்க லாக்கர்லதானே இருக்கு, சிபில் எப்படி அடிபடும்?” என்று கேட்காத வாரம் இல்லை. வங்கியிலோ ஃபைனான்ஸ் கம்பெனியிலோ வைத்தது என்றால் அதுவும் பதிவாகும். வருடக் கெடு தாண்டித் திருப்பாமல், மாற்றி வைக்காமல் விட்டால் தாமதம் தாமதம்தான். குழுக் கடனும் அப்படியே. மொபைல் ஆப்பில் வாங்கும் மூவாயிரம் ரூபாய்க் கடனும், ‘இப்போது வாங்கு, பிறகு கொடு’ வகையும்கூடப் பதிவுக்குள் வந்துவிட்டன.

ஆனால் மேசைக்கு வரும் பெரிய கண்ணீர் இரண்டு வாசல் வழியாக வருகிறது. ஒன்று ஜாமீன். மச்சானுக்காகவோ கூட வேலை பார்த்தவருக்காகவோ போட்ட கையெழுத்து, அவர் கட்டாமல் விட்டதும் இவர் பதிவில் நிற்கிறது. கையெழுத்துப் போட்டவருக்கு அதன் பிறகு ஒரு தகவலும் வருவதில்லை. தவணை தவறிய முதல் வாரத்திலேயே ஜாமீன்தாரருக்கும் குறுஞ்செய்தி போக வேண்டும் என்பது எங்கள் கோரிக்கை.

இன்னொன்று செட்டில்மென்ட். கார்டில் 84 ஆயிரம் பாக்கி. “35 ஆயிரம் கட்டுங்கம்மா, கணக்க முடிச்சிரலாம்” என்று ஃபோனில் ஒரு குரல். தாலிக்கொடியை வைத்துக் கட்டுகிறார்கள், கடிதமும் வருகிறது. மூன்று வருடம் கழித்து மகன் படிப்புக்குக் கடன் கேட்கப் போனால், கணக்கு ‘குளோஸ்டு’ என்று இல்லை, ‘செட்டில்டு’ என்று இருக்கிறது. முழுசாகக் கட்டி முடித்ததும் பேசிக் குறைத்து முடித்ததும் பதிவில் வேறு வேறு. கடன் தகவல் நிறுவனங்கள் தகவலைக் குறைந்தது ஏழு வருடம் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. குறைத்து முடிப்பது தவறு என்று நாங்கள் சொல்லவில்லை. முடியாதவருக்கு அது ஒரு வழி. பணம் வாங்கும் முன் “இது உங்கள் பதிவில் இப்படித்தான் வரும்” என்று தமிழில் எழுதிக் கொடுத்து ஒப்புதல் வாங்க வேண்டும். வாயால் சொன்னது போதாது.

அடுத்தது, கடன் வாங்கியவர் எல்லாம் சரியாகச் செய்தும் பதிவு தவறாக இருப்பது. உரிமைகள் ஏட்டில் நிறையவே இருக்கின்றன. 2017 முதல் ஒவ்வொரு நிறுவனமும் வருடத்துக்கு ஒரு முழு அறிக்கையை, மதிப்பெண்ணோடு, இலவசமாகத் தர வேண்டும். நான்கு நிறுவனம் என்றால் நான்கு அறிக்கை. மூன்று மாதத்துக்கு ஒன்றாக வாங்கினால் வருடம் முழுக்க ஒரு கண் வைத்திருக்கலாம். நீங்களே பார்ப்பதால் மதிப்பெண் குறையாது. தவணை தவறியதாகத் தகவல் அனுப்பும்போது வாடிக்கையாளருக்குக் குறுஞ்செய்தியோ மின்னஞ்சலோ போக வேண்டும் என்று 2023 அக்டோபர் 26-ல் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. அதே நாளில் வந்த இன்னொரு உத்தரவு, பிழை திருத்தக் கேட்டு 30 நாளுக்குள் தீரவில்லை என்றால் அதற்குப் பிந்தைய ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு என்றது. அதில் 21 நாள் கடன் கொடுத்த நிறுவனத்தின் பங்கு. கேட்டும் நடக்கவில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்; 2022 செப்டம்பரிலிருந்து கடன் தகவல் நிறுவனங்களும் அவர் வரம்புக்குள் வந்துவிட்டன. புகார் கொடுக்கக் கட்டணம் இல்லை. ஐயாயிரம் கொடுத்தால் சிபிலை ஏற்றித் தருகிறேன் என்று போஸ்டர் ஒட்டுகிறவர்களால், இதையெல்லாம் உங்கள் பெயரில் செய்வதைத் தவிர வேறொன்றும் செய்ய முடியாது. உண்மையான பாக்கியை எவராலும் அழிக்க முடியாது.

ஏட்டில் இருப்பது ஏன் கைக்கு வருவதில்லை? அறிக்கை ஆங்கிலத்தில், சுருக்கெழுத்தும் கட்டமுமாக இருக்கிறது. கடனை விற்கும்போது தமிழில் விளம்பரம் செய்கிறவர்கள், பதிவை மட்டும் ஏன் தமிழில் தரக் கூடாது? குறுஞ்செய்தியும் அறிக்கையும் புகார்ப் படிவமும் தமிழில் வேண்டும். இழப்பீட்டை நாம் கேட்டு அலையாமல், நாள் கணக்குத் தாண்டியதும் அவர்களாகவே வங்கிக் கணக்கில் போட வேண்டும்.

கடனே வாங்காதவரைப் பற்றியும் எங்கள் கருத்து தெளிவானது. வரலாறு இல்லை என்ற காரணத்துக்காக மட்டும் முதல்முறை கடன் கேட்பவரின் விண்ணப்பத்தைத் தள்ளக் கூடாது என்று ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியிருப்பதை, 2025 ஆகஸ்டில் நிதித் துறை இணை அமைச்சர் மக்களவையில் எடுத்துச் சொன்னார். கிளைகளில் அது இன்னும் போய்ச் சேரவில்லை. தள்ளினால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

கடன் கொடுப்பதற்காக வந்த எண்ணை மற்ற இடங்களுக்கு இழுப்பதை எதிர்க்கிறோம். கடன் பாக்கி வரலாற்றைக் காட்டி ஒரு பொதுத்துறை வங்கி பணி நியமனத்தை ரத்து செய்ததை 2025-ல் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்றது. பொதுப் பணத்தைக் கையாளும் வங்கி வேலைக்கு அந்த வாதத்தில் நியாயம் இருக்கலாம், தீர்ப்பை மதிக்கிறோம். அதைப் பிடித்துக்கொண்டு கணக்கரில் தொடங்கி ஓட்டுநர் வரை எல்லா வேலைக்கும் சிபில் கேட்கக் கிளம்பினால் ஏற்க மாட்டோம். வேலை இல்லாததால் தவணை நின்றது, தவணை நின்றதால் வேலை இல்லை என்றால் அந்த ஆள் எப்போதுதான் கரையேறுவது? மாணவரின் மதிப்பெண் குறைவு என்பதற்காக மட்டும் கல்விக் கடனை மறுக்க முடியாது என்று 2023-ல் கேரள உயர் நீதிமன்றம் சொன்னதே எங்களுக்கு ஏற்புடைய பாதை. 2025-ல் கூட்டுறவுப் பயிர்க் கடனுக்கு சிபில் பார்க்கும் பேச்சு எழுந்தபோது தமிழக விவசாயிகள் எதிர்த்தது நியாயம் என்றும் கருதுகிறோம். மழை தவறிய வருடத்தின் பாக்கியையும் மனசு தவறிய பாக்கியையும் அந்த எண் பிரித்துப் பார்ப்பதில்லை.

உறுப்பினர்களுக்கு: பான் எண்ணும், வங்கியில் கொடுத்த மொபைல் எண்ணும் எடுத்துக்கொண்டு சனிக்கிழமை வாருங்கள். இலவச அறிக்கையை உங்கள் ஃபோனிலேயே எடுத்து, வரி வரியாகப் படித்துக் காட்டுவோம். கடன் முடிந்தால் என்.ஓ.சி. வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். சென்ற முறை ஒருவருக்கு அதுதான் கைகொடுத்தது. டூவீலர் கடனை முடித்து, என்.ஓ.சி. வாங்கி, ஆர்.சி. புத்தகத்தில் கம்பெனி பெயரையும் நீக்கியிருந்தார். பதிவில் மட்டும் 312 ரூபாய் பாக்கி என்று நின்றது. எழுதிக் கேட்டோம், 47-ம் நாள் நீங்கியது. 17 நாள் தாமதத்துக்கு 1,700 ரூபாய் இழப்பீடு, புகார் தீர்ந்த ஐந்து வேலை நாளில் கணக்கில் வந்திருக்க வேண்டும். இன்னும் வரவில்லை. குறைதீர்ப்பாளருக்கான மனு தயாராக இருக்கிறது.