மறையாத் தடம்

நோய் முற்றியபின் மருந்து தேடி ஓடுவது எந்நாட்டிலும் காணும் இயல்பு. நோயின் வித்து உடலுள் விழுந்த தடத்தையே கண்டறிவது அறிவியல் அண்மைக் காலத்தில் எய்தியுள்ள ஆற்றல். அவ்வாற்றல் கைக்கெட்டும் தொலைவில் இருந்தும் அதனைப் பயன்கொள்ளாத குமுகாயம் தன் மக்களைத் தானே காவு கொடுக்கின்றது என்பதே எம் கருத்து. இதனை உலகறிந்த ஒரு வரலாற்றால் விளக்குவோம்.

நம் உடலின் உயிரணு ஒவ்வொன்றின் கருவினுள்ளும், டி.என்.ஏ. என உலகோர் வழங்கும் மரபிழை சுருண்டு கிடக்கின்றது. அடினைன், குவானைன், சைட்டோசைன், தைமைன் என்னும் நான்கே எழுத்துகள், ஏறத்தாழ 600 கோடி இணைகளாக அதன்கண் நிரல்பட்டுள்ளன. புற்றுநோய் விளைக்கும் வேதிப்பொருள்கள் பல, இவ்வெழுத்துகளின்மேல் சென்று ஒட்டிக்கொள்ளும் தன்மையன. உயிரணு தன்னைப் படியெடுக்குங்கால் ஒட்டுப்பட்ட எழுத்தைப் பிறழப் படிக்கின்றது. அப்பிழை, உயிரணுப் பெருக்கத்தை அடக்கியாளும் மரபணுவில் நேர்ந்துவிடின் புற்றுக்கு வாயில் திறந்ததாகும்.

இவ்வொட்டைக் காண்பது எங்ஙனம்? 1981ஆம் ஆண்டு, அமெரிக்க நாட்டு அறிவியலாளர் குர்த்து இரேண்டராத்தும் அவர்தம் குழுவினரும் ஒரு முறையை வெளியிட்டனர். மரபிழையை நொதிகளால் தனித்தனி எழுத்தாகச் சிதைத்து, ஒவ்வொன்றின்மேலும் கதிரியக்கப் பாசுபரசை ஏற்றி, மெல்லிய தகட்டில் பிரித்துப் படமெடுப்பர். இயல்பான எழுத்துகள் ஒருபால் விலக, நஞ்சு ஒட்டிய எழுத்துகள் தனிப் புள்ளிகளாய்க் கருத்துத் தோன்றும். நூறு கோடி எழுத்துகளுள் ஒன்று கெட்டிருப்பினும் இம்முறை காட்டிக் கொடுக்கும்.

இனி வரலாற்றுக்கு வருவோம். பெல்சிய நாட்டில் உடல் மெலிய மருந்துண்ட பெண்கள் பலர்க்கு அடுத்தடுத்துச் சிறுநீரகம் செயலிழந்ததை 1992இல் மருத்துவர்கள் கண்டனர். நூற்றுவர் அளவினர் அவ்வாறு கெட்டனர். மருந்தில் சேர்க்க வேண்டிய சீன மூலிகை ஒன்று. சேர்ந்ததோ அதனை ஒத்த பெயருடைய அரிசுட்டோலோக்கியா இனச் செடி. பெயர் மயக்கத்தால் நேர்ந்த பெருங்கேடு இது! அவர்தம் சிறுநீரகங்களை மேற்கூறிய முறையால் ஆய்ந்தபோது, அச்செடியின் காடி மரபிழையில் ஒட்டியிருந்த தடம் தெளிவாய்த் தெரிந்தது. முன்காப்பாகச் சிறுநீரகங்களை அகற்றிக்கொள்ள இசைந்த 39 பேருள் 18 பேர்க்குச் சிறுநீர்ப் பாதையில் புற்று இருந்ததை 2000ஆம் ஆண்டு அறிவித்தனர்.

தன்யூபு ஆற்றின் கிளையாறுகளை அடுத்த சிற்றூர்களில், உழவர் குடும்பங்களைத் தலைமுறை தலைமுறையாகச் சிறுநீரக நோய் வாட்டி வந்தது. அதன் கரணியம் 1950கள் தொட்டு விளங்காப் புதிராய் இருந்தது. கோதுமை வயலில் களையாய் வளர்ந்த அதே இனச்செடியின் விதை, மாவோடு அரைபட்டு அப்பத்திற் கலந்திருந்தது. 2007இல் ஆர்தர் கிரால்மன் குழுவினர் குரோவாசிய நோயாளரின் சிறுநீரகங்களில் அத்தடத்தைக் கண்டனர். அவர்தம் புற்றுக் கட்டிகளிலோ, அடினைன் இருக்க வேண்டிய இடத்தில் தைமைன் அமர்ந்த பிழை மலிந்து கிடந்தது. அந்நஞ்சு விட்டுச்செல்லும் கைச்சாத்து அது. உண்டு பல்லாண்டு கழிந்தும் தடம் அழியவில்லை!

இவ்வரலாற்றில் நெஞ்சைச் சுடுவது யாதெனின், கேடு முன்னரே தெரிந்திருந்தது என்பதே. அன்றைய மேற்குச் செருமனி 1981இலேயே இம்மருந்துகளை விலக்கிற்று. எலிகளுக்குப் புற்று விளைந்ததை 1982இல் ஆய்வாளர் வெளியிட்டனர். அதன்பின் ஆண்டுகள் பல கழிந்தே பெல்சியப் பெண்கள் அதனை உண்டனர். தைவானில் 2003இல் தடை வருவதற்குள், மக்களுள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர் இம்மூலிகை கலந்த மருந்துகளைப் பெற்றிருந்தனர். அறிந்தவன் வாளாவிருப்பின் அறிவால் ஆவதென்ன?

இது யாருக்கோ நேர்ந்த கதை என ஒதுக்குவதற்கில்லை. நம் நாட்டு ஆடுதின்னாப்பாளையும், பெருமருந்து எனவும் ஈசுரமூலி எனவும் வழங்கும் கொடியும் அதே இனத்தன. அதே காடியை உடையன. முன்னது குடற்புழுவுக்கும் பின்னது பாம்புக் கடிக்கும் நாட்டு மருத்துவத்தில் பயின்று வந்துள்ளன. இவ்வினச் செடிகள் சேர்ந்த மருந்துகள் மாந்தர்க்குப் புற்று விளைப்பன என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2002இலேயே வகைப்படுத்திவிட்டது.

"நம் முன்னோர் கண்ட மருந்து நஞ்சாகுமோ?" என்று அன்பர் சிலர் சினக்கலாம். முன்னோரை யாம் குறை கூறவில்லை. உண்டவுடன் கொல்லும் நஞ்சை அவர்கள் நன்கறிந்தனர். ஆடு தின்னாததைக் கூட உற்றுநோக்கிப் பெயரிட்டவர்கள் அவர்கள்! ஆனால் இன்று உண்டு இருபது ஆண்டு கழித்துப் புற்றாய் வெளிப்படும் கேட்டை வெறுங்கண்ணால் எவரே காண்பர்? அதனைக் காட்டும் கருவி அவர்க்கு இல்லை, நமக்கு உண்டு. கருவி இருந்தும் காண மறுப்பது முன்னோர்க்குச் செய்யும் சிறப்பாகாது. உற்றுநோக்கி ஆய்ந்த அவர்தம் வழியினின்று விலகுவதே ஆகும்.

ஆகவே, நாட்டு மருத்துவத்தின்பால் பற்றுடையோரே இதில் முன்னிற்றல் வேண்டும். ஒரு பெயர் பல செடிக்கும், பல பெயர் ஒரு செடிக்கும் வழங்கும் மயக்கத்தைக் களைந்து பெயர்ப்பட்டியலைத் திருத்துக! மரபிழையைச் சிதைப்பது உறுதிப்பட்ட மூலிகையை உள்மருந்தினின்று நீக்குக! எஞ்சியவற்றை ஆய்வுக்கூடத்தில் நிறுத்தி மெய்ப்பிக்க! நல்ல மருந்து ஆய்வுக்கு அஞ்சாது. அஞ்ச வேண்டுவது, ஆயாது உண்ணும் நம் மடமைக்கே.