பாட்டிலில் எத்தனை சதவீதம்?

சங்க மலரில் ஆசிட் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் ஹாஸ்டலில் சிரித்தார்கள். "ஏண்டா, காதல் இருக்கு, வேலையில்லாத் திண்டாட்டம் இருக்கு... ஆசிட்டா?" என்றான் ரூம் நண்பன். ஆமாம், ஆசிட்தான்! அதுவும் பங்களா வீட்டு நீச்சல் குளத்தில் ஊற்றுகிற ஆசிட். நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். குளத்தில் நீந்துகிறவர் ஒருவர். ஆசிட் கேனைத் தூக்குகிறவர் வேறொருவர். அந்த வேறொருவர் நம்மைப் போன்றவர்களின் வீட்டு ஆள். என் விஷயத்தில், என் அப்பா.

கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் ஒரு பங்களாவில் தோட்டம், காவல், குளம் மூன்றையும் அப்பா பார்த்துக்கொள்கிறார். போன வருஷம் லீவில் அவருக்கு ஒத்தாசையாகப் போயிருந்தேன். "பூலுக்கு ஆசிட் அஞ்சு லிட்டர் வாங்கிட்டு வாடா, ஸ்ட்ராங்கா வேணும்னு சொல்லு" என்று அனுப்பினார். கடைக்காரர் ஒரு பழைய எண்ணெய் கேனில் பிடித்துக் கொடுத்தார். லேபிள் இல்லை, பில் இல்லை. "எத்தனை பர்சன்ட் அண்ணே?" என்று கேட்டேன். "மூடியத் தொறந்தா பொகை வருது பாரு தம்பி, ஒரிஜினல் சரக்கு" என்றார். அவ்வளவுதான் பதில்.

அப்போது எனக்கு வயது 17. 2013 ஜூலை 18 அன்று லட்சுமி என்ற பெண் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவு என்ன சொல்கிறது? 18 வயது ஆகாதவருக்கு ஆசிட் விற்கக் கூடாது. வாங்குகிறவர் போட்டோ உள்ள அரசு அடையாள அட்டை காட்ட வேண்டும். எதற்காக வாங்குகிறார் என்று சொல்ல வேண்டும். கடைக்காரர் பேர், விலாசம், அளவு எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுத வேண்டும். மீறினால் 50,000 ரூபாய் வரை அபராதம். என்னிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. சில்லறை இருக்கிறதா என்று மட்டும் கேட்டார்கள்!

சரி, குளத்துக்கு ஆசிட் எதற்கு? கிருமியைக் கொல்ல ஹைப்போ அல்லது பிளீச்சிங் பவுடர் போடுகிறார்கள். இரண்டும் காரத்தன்மை உள்ளவை. போடப் போட பி.எச். ஏறும். 7.5-இல் இருக்கும்போது குளோரினில் பாதிதான் கிருமியைக் கொல்லும் ஹைப்போகுளோரஸ் அமிலமாக இருக்கிறது. 8-க்கு ஏறினால் அது கால் பங்காகக் குறைந்துவிடும். குளோரின் போட்டும் தண்ணீர் பாசி பிடிக்கிறதே என்று இன்னும் போடுவார்கள், பி.எச். இன்னும் ஏறும். 7.2-க்கும் 7.8-க்கும் நடுவில் நிறுத்தத்தான் ஆசிட்.

எந்த ஆசிட்? குளத்துக்குப் பொதுவாக ஹைட்ரோகுளோரிக் ஆசிட்தான். கடையில் மியூரியாடிக் என்பார்கள். கழிவறை கழுவ நிறமும் வாசனையும் சேர்த்து விற்பதை வாங்கக் கூடாது. மஞ்சள் நிறம் தட்டினால் இரும்பு கலந்திருக்கலாம். அது குளத்துச் சுவரில் கறை ஏற்றும். பேட்டரி ஆசிட் கூடவே கூடாது. பழைய பேட்டரியில் வடித்ததாக இருந்தால் ஈயம் வரும். தூளாக வரும் சோடியம் பைசல்பேட் கையாளச் சுலபம், புகையாது. ஆனால் சல்பேட் சேரச் சேர சிமெண்ட் பூச்சை அரிக்கும்.

இப்போது நம் பாடத்துக்கு வருவோம். 30 அடி நீளம், 15 அடி அகலம், சராசரி 4 அடி ஆழம் உள்ள குளம் சுமார் 51,000 லிட்டர் பிடிக்கும். அதன் காரத்தன்மையை 10 பி.பி.எம். குறைக்க 32 சதவீத ஆசிட் ஒரு லிட்டர் போதும். கணக்குப் போட்டுப் பாருங்கள். அப்பா வாங்கிய சரக்கில் கொஞ்சத்தை லேப் அனுமதியோடு டைட்ரேஷன் செய்து பார்த்தேன். 17 சதவீதம்! அதே வேலைக்கு இரண்டு லிட்டர் வேண்டும். லேபிள் ஒட்டிய கேன் ஒன்றரை மடங்கு விலை என்றாலும் அதுதான் மலிவு.

காசு போனால் போகட்டும். அப்பா சொன்னதுதான் என்னை யோசிக்க வைத்தது. "ஒரு தடவை ரெண்டு மக்கு ஊத்தினா சரியாயிடுது. இன்னொரு தடவை அதே ரெண்டு மக்குக்கு எல்லாருக்கும் கண்ணு எரியுது. எனக்கே புரியலடா." புரியாததற்குக் காரணம் அப்பா படிக்காதது அல்ல நண்பர்களே! ஒவ்வொரு கேனிலும் ஒவ்வொரு சதவீதம் இருந்தால் இருபது வருஷ அனுபவம் இருந்தும் என்ன பயன்? சதவீதம் எழுதாத கேன் உழைக்கிறவனின் அனுபவத்தையே திருடுகிறது.

இன்னொன்றும் நடந்தது. ஹைப்போ அளந்த மக்கைக் கழுவாமல் அதிலேயே ஆசிட்டை ஊற்றிவிட்டார் அப்பா. ஆசிட்டும் ஹைப்போவும் சேர்ந்தால் குளோரின் வாயு என்று நாம் பரீட்சையில் எழுதி மார்க் வாங்குகிறோம். அப்பா அதை நெஞ்சில் வாங்கினார். இரண்டு நாள் இருமல். அடியில் கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது, நல்லவேளை. சமன்பாடு தெரிந்த நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். அப்பாவுக்கு நாம் என்ன சொல்லிக் கொடுப்பது என்று கூச்சப்பட்டு முதலிலேயே சொல்லாமல் இருந்துவிட்டேன். அந்தக் கூச்சம்தான் தப்பு.

"ஆசிட் விற்பனையையே ஒழித்துவிட்டால் என்ன?" என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். கோபம் நியாயமானது. ஆனால் தேவை இருக்கும்வரை அது எண்ணெய் கேனில் ஒளிந்து வரும். என் கருத்து இதுதான். சதவீதம் அச்சிட்டு சீல் வைத்த கேனில் மட்டுமே விற்க வேண்டும். பதிவேட்டை அதிகாரிகள் நிஜமாகவே புரட்டிப் பார்க்க வேண்டும். குளம் கட்டுகிற முதலாளி, ஆசிட் கேனோடு ரப்பர் கையுறையும் கண்ணாடியும் வாங்கித் தர வேண்டும். அது தர்மம் அல்ல, கடமை.

நம் கடமை? ஹைட்ரோமீட்டர் பிடிக்கத் தெரிந்தவர்கள் நாம். ஒப்படர்த்தி 1.16 என்றால் சுமார் 32 சதவீதம், 1.08 என்றால் சுமார் 16. ஆசிட்டில் தண்ணீர் ஊற்றாதே, தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும். ஆசிட்டையும் ஹைப்போவையும் ஒரே அறையில் வைக்காதே. ஒன்றைப் போட்டுச் சில மணி நேரம் பம்பு ஓடிய பிறகே மற்றதைப் போடு. இதை அப்பாவிடமும், மாமாவிடமும், பக்கத்து வீட்டு அண்ணனிடமும் சொல்ல டிப்ளமோ முடியும்வரை காத்திருக்க வேண்டுமா?

இப்போது அப்பா இரண்டு மக்கு வைத்திருக்கிறார். ஒன்றில் சிவப்புக் கயிறு, ஒன்றில் பச்சைக் கயிறு. கடையில் முதல் கேள்வியாக "எத்தனை பர்சன்ட்?" என்று கேட்கிறாராம். "என் பையன் பாலிடெக்னிக்கில் படிக்கிறான், அவன் கேக்கச் சொன்னான்" என்றும் சேர்த்துச் சொல்கிறாராம்.

நண்பர்களே, நீங்களும் கேளுங்கள்! கேட்கச் சொல்லுங்கள்!