மானுக்குத் துப்பாக்கி வேண்டாம், வேலியைக் கவனியுங்கள்

கேள்வி: காப்புக்காட்டை ஒட்டி எங்களுக்கு 60 சென்ட் நிலம் இருக்கிறது. நிலக்கடலையும் காராமணியும் போட்டிருக்கிறோம். இரவில் புள்ளிமான்கள் கூட்டமாக வந்து தளிரை மேய்ந்துவிடுகின்றன. கணவருக்கு வெளியூரில் வேலை. காவலுக்கு நான்தான் போகிறேன். நான் குள்ளம், ஒல்லியான உடம்பு. என்னால் தூக்க முடிகிற, விலை குறைந்த துப்பாக்கி எது? ஏர்கன்னுக்கு லைசென்ஸ் வேண்டாம் என்கிறார்களே, அதை வாங்கலாமா?
– வாசகி, ஊரப்பாக்கம்

பதில்: சகோதரி, முளைத்த பயிர் ஒரே இரவில் மொட்டையாகிவிட்டால் எவ்வளவு வேதனை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மானைச் சுட எந்தத் துப்பாக்கியும் வாங்காதீர்கள்.

1972-ஆம் ஆண்டின் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். சொந்த நிலத்தில் சுட்டாலும் குற்றம்தான். கொல்வது மட்டுமல்ல, விஷம் வைப்பது, கண்ணி போடுவது, கொல்ல முயல்வது எல்லாமே வேட்டையில் சேரும். 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. பயிரை அழிக்கும் சில விலங்குகள் மீது நடவடிக்கை எடுக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் அதற்கு வனத்துறையின் எழுத்துப்பூர்வமான உத்தரவு வேண்டும். காட்டுப்பன்றிக்குத் தமிழக அரசு 2025-ல் தனி வழிமுறை அறிவித்தது. அதிலும் சுடும் பொறுப்பு வனத்துறையினருக்குத்தான், விவசாயிக்கு அல்ல.

ஏர்கன் விஷயம். 4.5 மில்லிமீட்டர் குண்டும் 20 ஜூலுக்கு உட்பட்ட ஆற்றலும் உள்ள ஏர்கன்னுக்கு லைசென்ஸ் தேவையில்லை என்பது உண்மை. அது வைத்துக்கொள்வதற்கான விலக்கு மட்டுமே. அதை மான்மீது நீட்டினால் வேட்டை வழக்குதான். அந்தச் சிறு குண்டு மானை உடனே கொல்லாது. உடம்பில் தங்கிப் புண்ணாகி, காட்டுக்குள் போய் மான் அணு அணுவாகச் சாகும்.

பயிர்க் காவலுக்கு லைசென்ஸ் வாங்கலாமே என்று சிலர் கேட்பார்கள். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் பயிர்ப் பாதுகாப்புக்கு என்று சொல்வது, குழல்வாய் வழியாக மருந்து திணிக்கும் பழைய வகைத் துப்பாக்கியை. அது போதாது என்று அதிகாரி கருதினால் மட்டும் வேறு வழவழப்புக் குழல் துப்பாக்கிக்கு உரிமம் தரலாம். ரைஃபிள் இந்தக் கணக்கிலேயே வராது. உரிமம் கிடைத்தாலும் அது மானைச் சுட அனுமதி ஆகாது. யாராவது குறைந்த விலைக்கு நாட்டுத் துப்பாக்கி தருகிறேன் என்றால் பக்கத்திலேயே சேர்க்காதீர்கள். லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தாலே 2 முதல் 5 ஆண்டு வரை சிறை.

அமெரிக்கா போன்ற நாடுகளில் பருவமும் எண்ணிக்கையும் நிர்ணயித்து, லைசென்ஸ் கொடுத்து மான் வேட்டையை அனுமதிக்கிறார்கள். சிறிய உடம்புக்காரர்களுக்கு எடை குறைந்த ரைஃபிள் எது என்று அவர்கள் போடும் வீடியோக்கள் செல்போனில் நிறைய வருகின்றன. அவை நமக்குப் பொருந்தாது. துப்பாக்கியின் எடை குறையக் குறையத் தோளில் உதைப்பு அதிகமாகும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். குறி தவறிய ரைஃபிள் குண்டு ஒரு கிலோமீட்டருக்கு மேலும் பாயும். இன்று ஊரப்பாக்கத்தில் எந்தப் பக்கம் ஒரு கிலோமீட்டர் போனாலும் வீடுகள்தான்.

இனி செய்ய வேண்டியதைப் பார்ப்போம்.

விடிந்ததும் வரப்பைச் சுற்றி வாருங்கள். குளம்புத் தடம், புழுக்கை, வளைந்த செடி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். மான் பெரும்பாலும் பழகிய வழியிலேயே வரும். கையில் காசு குறைவாக இருந்தால் அந்தப் பக்கத்தில் வேலி வேலையைத் தொடங்குங்கள். ஆனால் ஒரு பக்கத்தோடு நிறுத்தினால் மான் சுற்றி வந்துவிடும்.

வேலி 6 அடிக்குக் குறையக் கூடாது, 7 அடி இருந்தால் நல்லது. நைலான் வலை எடை குறைவு, நீங்களே கட்டிவிடலாம். அடிப்பக்கத்தை முளைக்குச்சி அடித்து இறுக்குங்கள். மான் தாண்டுவதைவிட அடியில் நுழையத்தான் முதலில் பார்க்கும். கண்ணி பெரிதான பழைய மீன்வலை வேண்டாம், அதில் கொம்பு சிக்கிக்கொள்ளும். அப்படிச் சிக்கினால் நெருங்காமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

பக்கத்து நிலத்துக்காரர்களோடு சேர்ந்து போட்டால் செலவு பாதியாகும். சதுரமான 60 சென்ட்டுக்குச் சுற்றளவு ஏறத்தாழ 650 அடி. அதேபோன்ற நான்கு நிலங்கள் சேர்ந்து ஒரே சதுரமாக இருந்தால் 1,300 அடி போதும். ஆளுக்கு 325 அடிதான்.

சூரிய மின்வேலிக்கு வேளாண்மைப் பொறியியல் துறையில் மானியத் திட்டம் உண்டு. இந்த ஆண்டுக்கு ஒதுக்கீடு இருக்கிறதா என்று கேளுங்கள். காட்டை ஒட்டிய நிலம் என்பதால் வனத்துறையின் முன் அனுமதியும் பதிவும் தேவை. வீட்டு மின்சாரத்தை நேராகக் கம்பியில் விடுவது மட்டும் வேண்டவே வேண்டாம். அதில் மானுக்கு முன் மனிதர் சாவார்.

வேலி வரும்வரை முட்டைக் கரைசல் தெளியுங்கள். 4 லிட்டர் தண்ணீருக்கு 3 முட்டை அடித்துக் கலக்கி, துணியில் வடிகட்டி, ஓரத்து வரிசைகளில் தெளிக்க வேண்டும். அந்த வாடை மானுக்குப் பிடிக்காது. மழை பெய்தால் மறுபடி தெளியுங்கள். சமைத்து உண்ணும் காயிலும் கீரையிலும் படக்கூடாது. பழைய சேலை, விளக்கு எல்லாம் சில நாள் பயன்படும். இடத்தை மாற்றிக்கொண்டே இருந்தால்தான் மான் பழகாது. நாயை அவிழ்த்து விரட்டவிடாதீர்கள்.

அடுத்த பட்டத்தில் காட்டுப் பக்கம் உள்ள வரிசைகளில் எள், மிளகாய், மஞ்சள் போடலாம். கடலை, பயறு அளவுக்கு மான் இவற்றை விரும்புவதில்லை.

சேதம் ஆனவுடன் தேதியோடு படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடமும் வனச்சரக அலுவலகத்திலும் எழுத்தில் மனு கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். இழப்பீடு கேட்கவும் நடவடிக்கை கேட்கவும் அந்தத் தாள்தான் ஆதாரம். நான்கைந்து பேர் சேர்ந்து கொடுத்தால் பார்வையிட வர வாய்ப்பு அதிகம். இரவில் தனியாகக் காவல் போவதை மட்டும் இன்றோடு நிறுத்துங்கள். பாம்பும் பன்றியும் நடமாடும் நேரம் அது.