வெயில் யாருடைய சொத்து?

சோவியத் ஓவியக் கலையைப் பற்றி வாய் திறக்கும் கோஷ்டிகள் இரண்டு. ஒன்றையொன்று பரம எதிரி என்றே இரண்டும் நினைத்துக்கொண்டிருக்கின்றன. ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டும் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. வெயிலையும் நிழலையும், காற்றில் ஆடும் இலையையும், நனைந்த தெருவில் விழும் வெளிச்சத்தையும் கண்ணில் பட்ட கணத்திலேயே தீட்டப் பார்க்கும் இம்ப்ரஷனிஸ ஓவியம் முதலாளி வர்க்கத்தின் சொத்து. பாட்டாளி வர்க்கத்துக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை என்பதே அந்த விஷயம்.

முதல் கோஷ்டி, மேல்நாட்டு ஏலக் கம்பெனிகளும் அவற்றுக்குத் தாளம் போடும் விமர்சகர்களும். ருஷ்ய ஓவியன் கண்ணில் வெயில் இருந்தது, புரட்சி வந்தது, வெயில் அணைந்தது என்று ஓயாமல் ஒப்பாரி வைப்பவர்கள் இவர்கள். இரண்டாவது கோஷ்டி நம் பக்கத்திலேயே இருக்கிறது. 1948-ல் மாஸ்கோவில் எழுதப்பட்ட ஒரு தீர்ப்பை மார்க்ஸிஸத்தின் தீர்ப்பு என்றே இன்றும் ஒப்பிக்கிறவர்கள் அவர்கள்.

இரண்டு கோஷ்டிக்கும் பதில் சொல்லியாக வேண்டும். நாம் தூரிகை பிடித்தவர்கள் அல்ல. ஓவியக் கல்லூரி வாசற்படியை மிதித்தவர்களும் அல்ல. ஆனால் ஒரு பொருள் யார் கையிலிருந்து யார் கைக்குப் போயிற்று என்று கணக்குப் பார்க்கத் தெரியும். அந்தக் கணக்கையே இங்கே பார்ப்போம்.

இம்ப்ரஷனிஸம் பிறந்த கதை சுருக்கமானது. பாரிஸ் கம்யூன் ரத்த வெள்ளத்தில் மூழ்கடிக்கப்பட்டு மூன்று ஆண்டுகள்கூட நிரம்பாத 1874-ம் ஆண்டு ஏப்ரலில், மோனே, ரெனுவார், பிஸாரோ, தெகா முதலிய ஓவியர்கள் ஒரு புகைப்படக்காரரின் பழைய ஸ்டுடியோவில் தங்கள் படங்களை மாட்டினார்கள். பாரிஸில் நடந்த ‘ஸலோன்’ என்ற பெரிய கண்காட்சியின் கதவு இவர்களுக்குப் பல தடவை சாத்தப்பட்டிருந்தது. மோனேயின் ‘இம்ப்ரஷன், சூரியோதயம்’ என்ற படத்தை நையாண்டி செய்து லூயி லெருவா என்ற பத்திரிகைக்காரர் எழுதினார். அதிலிருந்து ஒட்டிக்கொண்டதுதான் இந்தப் பெயர். கைபோத் என்ற ஓவியர், சட்டையில்லாமல் மண்டியிட்டு மரத்தரையை இழைக்கும் தொழிலாளிகளை 1875-ல் தீட்டினார். ஸலோன் அதைத் தள்ளிவிட்டது. மோனே, படகிலிருந்து நிலக்கரி சுமந்து பலகைமேல் நடக்கும் கூலிகளைத் தீட்டினார். இவர்களெல்லாம் புரட்சிக்காரர்கள் என்று நாம் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் படகு சவாரியைத் தீட்டிய அளவுக்கு இவர்கள் ஆலையைத் தீட்டவில்லை என்பதும் தெரிந்ததே. ஆனால் தேவதைகளையும் சக்கரவர்த்திகளையும் விட்டுவிட்டு, கண்முன் இருந்த உலகத்தைப் பார்த்தார்கள். அன்று இவர்களைப் பார்த்துச் சிரித்த அதே கனவான்களின் பேரன்மார்கள்தான் பின்னால் இந்தப் படங்களைக் கோடிக்கணக்கில் ஏலம் எடுத்தார்கள்!

ஜன்னலில் நின்ற ஓவியர்

ருஷ்யாவுக்கு வருவோம். அங்கே வெயிலைத் தீட்டியவர்களில் முதல் வரிசையில் நிற்பவர் வலன்டின் ஸெரோவ். 1887-ல், 22 வயதில், அவர் தீட்டிய ‘பீச் பழங்களுடன் சிறுமி’ இன்றும் மாஸ்கோ திரெத்யாகோவ் காலரியில் இருக்கிறது. ரயில்வே முதலாளி மாமந்தோவின் பண்ணை வீட்டில் அவருடைய மகளை ஒரு மாதத்துக்குமேல் உட்கார வைத்துத் தீட்டிய படம் அது. முதுகுப் பக்கத்து ஜன்னலிலிருந்து வரும் வெளிச்சம் மேஜை விரிப்பிலும், பழத்திலும், சிறுமியின் இளஞ்சிவப்புச் சட்டையிலும் பட்டுச் சிதறுகிறது.

முதலாளி வீட்டுப் பெண், முதலாளி வீட்டுப் பழம் என்று நமது அதிதீவிர நண்பர்கள் உதட்டைப் பிதுக்குவார்கள். பிதுக்கட்டும். அதே ஸெரோவ் 1905-ம் ஆண்டு ஜனவரியில், பீட்டர்ஸ்பர்க் கலை அகாதமியின் ஜன்னலில் நின்றுகொண்டிருந்தார். ஜார் மன்னனிடம் மனுக் கொடுக்க வந்த தொழிலாளர் கூட்டத்தின்மீது குதிரைப்படை பாய்ந்ததை அந்த ஜன்னலிலிருந்து கண்ணால் பார்த்தார். தலைநகரப் படைகளுக்குத் தலைமை வகித்த கோமகன் விளாதிமிர் யார் தெரியுமா? கலை அகாதமியின் தலைவரும் அவரேதான்! கையில் மக்களின் ரத்தம் படிந்த ஆசாமியின் கீழ் நமக்குக் கலை அகாதமியா என்று ஸெரோவும், மூத்த ஓவியர் பொலெனோவும் கண்டனம் எழுதினார்கள். ஸெரோவ் அகாதமி அங்கத்தினர் பதவியையே தூக்கி எறிந்தார். உருவிய வாளுடன் பாயும் ராணுவத்தைத் தீட்டி, ‘சிப்பாய்களே, வீரத் தம்பிகளே, எங்கே உங்கள் புகழ்?’ என்று அந்தப் படத்துக்குப் பெயரும் வைத்தார்.

சிறுமியின் சட்டையில் வெயில் விழுந்ததைப் பார்த்த கண்ணும், தெருவில் வாள் வீசப்பட்டதைப் பார்த்த கண்ணும் ஒரே கண்தான். கண்டதைக் கண்டபடி தீட்டப் பழகியவனால், கண்டதைக் காணாததுபோல் இருக்க முடியவில்லை.

மற்றவர்களும் இருந்தார்கள். கிராபார் 1904-ல் பனியில் குழி வெட்டி, அதற்குள் இறங்கி நின்று, பூர்ச்ச மரத்தையும் நீல வானத்தையும் அண்ணாந்து பார்த்து ‘பிப்ரவரி நீலம்’ என்ற படத்தைத் தீட்டினார். புரட்சிக்குப் பின் அவர் எங்கும் ஓடிவிடவில்லை. திரெத்யாகோவ் காலரியை நடத்தினார். புகை படிந்து கிடந்த பழைய ருஷ்ய ஓவியங்களைச் சுத்தம் செய்யும் வேலைக்குத் தலைமை தாங்கினார். 1960-ல் சோவியத் பிரஜையாகவே காலமானார். கொரோவின் பாரிஸுக்குப் போய்விட்டார், உண்மை. ஆனால் அவரிடம் படித்த மாணவர்கள் மாஸ்கோவில் இருந்தார்கள். அவர்களில் ஒருவரைப் பின்னால் சந்திப்போம்.

லெனின் போட்ட கையெழுத்து

இனி, கணக்கின் முக்கியப் பகுதி. புரட்சிக்கு முன் மாஸ்கோவில் ஷூகின், மொரோஸோவ் என்று இரண்டு ஜவுளி முதலாளிகள் இருந்தார்கள். மோனே, ரெனுவார், ஸெஸான், கோகான், மாத்தீஸ், பிக்காஸோ என்று நூற்றுக்கணக்கான பிரெஞ்சு ஓவியங்களை வாங்கிக் குவித்தார்கள். நல்ல கண் இருந்தது அவர்களுக்கு. இதை மறுக்க வேண்டியதில்லை. ஷூகின் ஞாயிற்றுக்கிழமைகளில் தம் மாளிகைக் கதவைப் பார்வையாளர்களுக்குத் திறந்தும் வைத்தார். ஆனால் அந்தப் படங்களுக்குக் கொடுத்த பணம் எங்கிருந்து வந்தது? நெசவாலைகளில் ராட்டினத்தோடு ராட்டினமாகச் சுழன்ற ஆண், பெண் தொழிலாளர்களின் உழைப்பிலிருந்து வந்தது.

1918-ம் ஆண்டு. நாலாபுறமும் வெள்ளைப்படை. மாஸ்கோவில் ரொட்டிக்குப் பஞ்சம். அந்த நேரத்தில் மக்கள் கமிஸார் சபை ஷூகின் காலரியை நாட்டுடைமை ஆக்கும் ஆணை பிறப்பித்தது, லெனின் கையெழுத்திட்டார். மக்களின் அறிவு வளர்ச்சிக்கு இந்த ஓவியங்கள் அவசியம் என்பதே ஆணை சொன்ன காரணம். ஆண்டு முடிவதற்குள் மொரோஸோவ் சேகரிப்பும் மக்கள் சொத்தாயிற்று. பின்னர் இரண்டும் ஒரே மியூசியமாக, நவீன மேலைக் கலைக்கான அரசு மியூசியமாக, மொரோஸோவின் பழைய மாளிகையில் குடியேறின. மோனேயும் மாத்தீஸும் அரசாங்கச் செலவில், தொழிலாளி உள்ளே வந்து பார்க்கும்படி தொங்கினார்கள். இப்படியொரு மியூசியம் அன்று பாரிஸிலேகூட இல்லை.

லெனினுக்கு இந்தப் புதுப் பாணிகளெல்லாம் பிடித்திருந்தனவா? பிடிக்கவில்லை. புதிய கலை ‘இஸங்கள்’ தமக்குப் புரிவதில்லை என்று கிளாரா ஜெட்கினிடம் ஒளிவுமறைவின்றிச் சொன்னவர் அவர். ஆனால் தமது சொந்த ரசனையை அவர் சட்டமாக்கியதில்லை என்று கல்விக் கமிஸார் லூனசார்ஸ்கி எழுதி வைத்திருக்கிறார். பிடிக்காததையும் மக்களுக்காகக் காப்பாற்றிக் கொடுத்தார். இதற்குப் பெயர்தான் பாட்டாளி வர்க்கத் தலைமை.

1933-ல் வான்கோவின் ‘இரவு விடுதி’ உள்ளிட்ட சில படங்கள் அமெரிக்காவுக்கு விற்கப்பட்டதும் இந்தக் கணக்கில் சேரும். வாங்கியவர் சிங்கர் தையல் மெஷின் சொத்தின் வாரிசு. ஐந்தாண்டுத் திட்டத்துக்கு அந்நியச் செலாவணி தேவைப்பட்டது என்பது உண்மை. அதற்காக மக்கள் சொத்தை விற்றது சரி என்று நாம் வாதாடப் போவதில்லை.

மாமியார் உடைத்தால் மண்சட்டி

1948 மார்ச் மாதம். லெனின் கையெழுத்தில் பிறந்த மியூசியம், ஸ்டாலின் கையெழுத்திட்ட மந்திரிசபை உத்தரவால் மூடப்பட்டது. உருவவாதத்தை வளர்க்கிறது, பூர்ஷ்வா கலாச்சாரத்துக்கு மண்டியிடுகிறது என்பன குற்றச்சாட்டுகள். படங்கள் இரண்டாகப் பிரிக்கப்பட்டு, ஒரு பாதி மாஸ்கோ புஷ்கின் மியூசியத்துக்கும் மறு பாதி லெனின்கிராட் ஹெர்மிடாஜுக்கும் போயின. பெரும்பாலானவை கிடங்கில் கிடந்தன. ஸ்டாலின் மறைவுக்குப் பின்னரே படிப்படியாகச் சுவரேறின.

காலியான மாளிகையில் யார் குடியேறியது? சோவியத் கலை அகாதமி. அதன் முதல் தலைவர் அலெக்ஸாந்தர் கெராஸிமோவ். இம்ப்ரஷனிஸ எதிர்ப்புப் பிரசாரத்தின் தளபதி அவரே. கொரோவினின் மாணவர் என்று மேலே சொன்னோமே, அவரும் இவரேதான்!

இவர் 1935-ல் தீட்டிய ‘மழைக்குப் பின்’ என்ற படத்தைப் பாருங்கள். நனைந்த வராந்தா, பலகைத் தரை கண்ணாடிபோல் பளபளக்கிறது, மேஜைமேல் மலர்க் கொத்து, பின்னால் ஈரம் சொட்டும் பச்சைத் தோட்டம். அருமையான படம்! ஒரு வராந்தாவில் ஒரு மழை நின்ற ஒரு கணம். ஆலையுமில்லை, கொடியுமில்லை, மனிதரே இல்லை. இது இம்ப்ரஷனிஸம் இல்லையென்றால் வேறென்ன? மாமியார் உடைத்தால் மண்சட்டி, மருமகள் உடைத்தால் பொன்சட்டி!

மருமகளுக்கு நேர்ந்தது என்ன? லெனின்கிராடில் நிக்கலாய் பூனின் என்ற கலை வரலாற்றாசிரியர் இருந்தார். புரட்சி முடிந்த கையோடு மியூசியங்களுக்குக் கமிஸாராக உழைத்தவர். 1946-ல் லெனின்கிராட் ஓவியர் சங்கத்தில் இம்ப்ரஷனிஸத்தைப் பற்றி அவர் சொற்பொழிவாற்றினார். தன் காலத்தை நேர்மையாகப் பார்க்கும் பாடத்தை சோவியத் ஓவியன் இவர்களிடம் கற்கலாம் என்பது அவர் வாதம். தவறு என்று தோன்றியிருந்தால் எழுந்து மறுத்திருக்கலாம். முதலில் அப்படித்தான் விவாதமும் நடந்தது. ஆனால் தொடர்ந்து வந்தவை பத்திரிகைத் தாக்குதல், பல்கலைக் கழகத்திலிருந்து வெளியேற்றம், 1949-ல் கைது. 1953 ஆகஸ்டில், வடதுருவ வட்டத்தையொட்டிய அபேஸ் முகாமில் அவர் இறந்தார். அவர் குற்றமற்றவர் என்ற அறிவிப்பு அவர் செத்த பிறகு வந்தது.

இதைச் சொன்னால் எதிரிக்கு உதவியாகாதா என்று சில தோழர்கள் கேட்பார்கள். எதிரிக்கு இது முன்பே தெரியும். தினமும் சொல்லிக்கொண்டும் இருக்கிறான். நாம் மௌனம் சாதித்தால் பூனினும் அவன் பக்கத்து ஆளாகிவிடுவார். பூனின் அவனுடைய ஆள் அல்ல. புரட்சிக்கு வேலை செய்தவர், புரட்சியின் பெயரால் சிறைக்குப் போனவர். அவரைப் பற்றிப் பேச நமக்கே முதல் உரிமை.

சரி, உத்தரவு போட்டார்களே, ஓவியர்கள் கேட்டார்களா? உத்தரவுக்கு முன்பும் பின்பும் சோவியத் தூரிகையில் வெயில் அணையவே இல்லை. 1937-ல் பிமெனோவ் ‘புதிய மாஸ்கோ’ என்ற படத்தைத் தீட்டினார். திறந்த மோட்டார் காரை ஒரு பெண் ஓட்டிப் போகிறாள். நமக்குத் தெரிவது அவள் முதுகும் கழுத்தும்தான். எதிரே மழை நின்ற தெரு, புதிய கட்டடங்கள், ஈரத்தில் கரையும் கார்களும் ஜனங்களும். மோனேயின் பாரிஸ் வீதியைப் பார்த்தவர்களுக்கு இந்த முறை எங்கிருந்து வந்தது என்று விளங்கும். ஆனால் கார் ஓட்டும் பெண் மோனேயிடம் இல்லை. (1937-ல் அதே நகரத்தில் நடந்த கைதுகளையும் நாம் மறக்கவில்லை, படத்தில் அவை இல்லை.)

பிளாஸ்தோவ் தம் சொந்தக் கிராமமான பிரிஸ்லோனிஹாவை விட்டு நகராமல் தீட்டியவர். 1942-ல் ‘பாஸிஸ்ட் விமானம் பறந்து போயிற்று’. இலையுதிர் காலத்துப் பொன்னிற பூர்ச்ச மரங்கள், அமைதியான வெளிச்சம், புல்லில் குப்புற விழுந்து கிடக்கும் இடையர் சிறுவன், ஊளையிடும் நாய், தூரத்தில் புள்ளியாய் விமானம். அந்த மரங்கள் இத்தனை அழகாக இல்லாவிட்டால் அந்தச் சாவு நம்மை இப்படிச் சுடுமா? 1945-ல் ‘புல்லறுப்பு’. இடுப்பளவு பூத்துக் குலுங்கும் புல்லை ஒரு பையனும் ஒரு பெண்ணும் இரண்டு கிழவர்களும் அறுக்கிறார்கள். வாலிபர்கள் எங்கே? போர்முனையிலிருந்து இன்னும் ஊர் திரும்பவில்லை. பலர் திரும்பவே போவதில்லை. இதைச் சொல்ல பிளாஸ்தோவுக்கு ஒரு வாசகப் பலகைகூடத் தேவைப்படவில்லை. ஒவ்வொரு பூவும் தனித்தனி வர்ணத் தீற்றலாக எரிகிறது.

பிரான்ஸில் உருவான முறையை உழைப்பாளி மக்களின் வாழ்க்கைக்குத் திருப்பிவிட்டவர்கள் இவர்கள். அகாதமி தடுத்த காரியம் கூட்டுப்பண்ணை வயலில் நடந்துவிட்டது.

இப்போது ஏலக் கம்பெனிகள் என்ன செய்கின்றன? ஆடு நனைகிறதே என்று அழுத ஓநாய்கள், சோவியத் யூனியன் 1991-ல் சிதைந்ததும் ‘சோவியத் இம்ப்ரஷனிஸம்’ என்று பெயரிட்டு அந்தப் படங்களையே விற்கப் புறப்பட்டன. வெயில் அணைந்துவிட்டது என்றார்களே, விற்பது எதை? 2016-ல் மாஸ்கோவில் ஒரு பணக்காரர் ‘ருஷ்ய இம்ப்ரஷனிஸ மியூசியம்’ திறந்தார். இடம், ‘போல்ஷெவிக்’ மிட்டாய் பிஸ்கட் ஆலையாக இருந்த கட்டடங்கள். தொழிலாளி போனான், பெயர்ப்பலகை மிஞ்சியது. அதே ஆண்டு, விலையுயர்ந்த கைப்பை விற்கும் லூயி வித்தோன் கம்பெனியின் கலைக்கூடம் பாரிஸில் ஷூகின் சேகரிப்பைக் கண்காட்சியாக வைத்தது. பத்து லட்சத்துக்கும் அதிகமானோர் திரண்டார்கள். புகழெல்லாம் ஷூகினுக்கு. அந்தப் படங்களை வாரிசுகள் கூறுபோடாமல் காத்தது 1918-ம் ஆண்டு ஆணை என்பதைச் சொல்ல அவர்களுக்கு நாக்கு வருமா?

2013-ல், 90 வயதைக் கடந்த புஷ்கின் மியூசியத் தலைவர் இரினா அந்தோனவா, 1948-ல் மூடப்பட்ட மியூசியத்தைத் திரும்ப அமைக்க வேண்டுமென்று தொலைக்காட்சி நேரலையில் ஜனாதிபதி புடினிடமே கேட்டார். ஹெர்மிடாஜ் தன் பாதியைக் கொடுக்க மறுத்துவிட்டது. கோரிக்கை அத்துடன் நின்றது. ஷூகினும் மொரோஸோவும் சேர்த்தவை இன்றும் இரண்டு நகரங்களில் பாதி பாதியாகவே தொங்குகின்றன; மொரோஸோவ் மாளிகையில் கலை அகாதமி இன்னும் உட்கார்ந்திருக்கிறது.