குடிநோயாளிகளின் 'பெரிய புத்தகம்'

குடியை விடச் சொல்லி எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். குடித்துச் சீரழிந்தவர்களே கூடி எழுதி, உலகம் முழுக்கப் பரவிய புத்தகம் என்றால் அது 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' தான். 1939 ஏப்ரலில் அமெரிக்காவில் வெளிவந்தது. வாங்குபவர் தரும் மூன்றரை டாலருக்குக் கைக்குக் கனமாக இருக்கட்டும் என்று தடித்த தாளில் அச்சடித்தார்களாம். 'பெரிய புத்தகம்' என்ற பட்டப்பெயர் அப்படித்தான் வந்தது!

இதன் விதை 1935-ல் ஓஹையோ மாநிலத்தின் ஆக்ரன் நகரில் விழுந்தது. போன காரியம் தோற்று, ஓட்டல் மதுக்கூடத்தின் சத்தம் காதில் விழ நின்றுகொண்டிருந்தார் நியூயார்க்கிலிருந்து வந்த பங்குச்சந்தைக்காரர் பில் வில்சன். இன்னொரு குடிகாரரிடம் பேசினால் தப்பிக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது. தொலைபேசியில் விசாரித்துக் கண்டுபிடித்தது பாப் ஸ்மித் என்ற அறுவை சிகிச்சை மருத்துவரை. அவருக்கு வில்சன் புத்திமதி சொல்லவில்லை, தன் கதையைச் சொன்னார்.

புத்தகத்தின் பலமும் இதுவே. அதன் 12 படிகளும் 'நாங்கள் செய்தோம்' என்ற தொனியில்தான் இருக்கின்றன. குடி ஒரு நோய் என்ற மருத்துவர் சில்க்வொர்த்தின் கருத்தும் முன்பக்கத்திலேயே உண்டு. கடவுளை அவரவர் புரிந்துகொண்டபடி என்று தளர்த்தியதில் கூட இருந்த நாத்திகர்களுக்கும் பங்குண்டு. முதலில் புத்தகம் விலைபோகவில்லை. 1941-ல் 'சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்' இதழ் இந்தக் குழுவைப் பற்றி எழுதிய பிறகே நிலைமை மாறியது.

ஆனால் ஒரே ஓர் இடத்தில் புத்தகம் தன் நேர்மையைக் கைவிட்டது. மனைவியருக்கான அத்தியாயம் மனைவிகளே பேசுவது போல எழுதப்பட்டிருக்கிறது. எழுதியவரோ வில்சன்! எழுத ஆசைப்பட்ட அவர் மனைவி லோயிசுக்கு வாய்ப்புத் தரப்படவில்லை. கோபப்படாதே, பொறுமையாக இரு என்பதே அதன் சாரம். இரவெல்லாம் கணவனுக்காகப் பயந்து விழித்திருப்பவளுக்குச் சொல்லக்கூடிய பேச்சா இது? குடிகாரனுக்குக் குடிகாரன்தான் பேச வேண்டும் என்று கண்டுபிடித்தவர்கள், மனைவிக்கு மனைவி பேச வேண்டும் என்பதை ஏன் மறந்தார்கள்?

இதற்காக மொத்தப் புத்தகத்தையும் தள்ளிவிடுவது சரியல்ல. குடியை முற்றாக விட்டிருக்க இந்த வழிமுறை மற்ற சிகிச்சைகளுக்குச் சமமாகவோ மேலாகவோ உதவுகிறது என்று 2020-ல் கோக்ரேன் ஆய்வுத் தொகுப்பு சொன்னது. ஆனாலும் புத்தகத்தின் முதல் 164 பக்கங்களைப் பெரிதாகத் தொடக்கூடாது என்ற பிடிவாதத்தால் அந்த அத்தியாயம் இன்னும் அப்படியே நிற்கிறது. லோயிஸ் காத்திருக்கவில்லை. 1951-ல் குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்காக 'அல்-அனான்' அமைப்பைத் தோழி ஒருவருடன் சேர்ந்து தொடங்கிவிட்டார். அந்த அத்தியாயத்தை அங்கிருக்கும் பெண்களிடம் கொடுத்து எழுதச் சொல்லலாமே!